இறுக்க இறுக்க ஒழுகிய சேம்பர்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் பழைய டீசல் பிக்கப்புக்கு முழு இன்ஜின் வேலை பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்டன் செட் மாற்றி, கிராங்கை கிரைண்டிங் கொடுத்து, பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். கோபியிலிருந்து தாளவாடி போய் முட்டைக்கோஸ் ஏற்றி வருகிற வண்டி. வாரத்துக்கு மூன்று தடவை திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க வேண்டும். இழுவை அருமையாக வந்திருந்தது. வண்டியை எடுத்து வந்த நாலாம் நாள் காலை, ஆத்தா சாணி தெளித்து வைத்த வாசலில் கறுப்பாக ஆறேழு பொட்டு.

"இஞ்சின் புதுசுன்னீங்க, பழசாட்டவே ஒழுகுதே சாமி?"

பட்டறைக்குக் கொண்டுபோனேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டிதான் சேம்பர்; அதன் போல்ட்டை ஒரு சுற்று இறுக்கி, "இனி நிக்குமுங்க" என்றார்கள். நின்றது ஒரு நடை. மறுபடி போனேன், மறுபடி இறுக்கினார்கள். இந்தத் தடவை முன்னைவிட அதிகமாக ஒழுகியது.

ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. சேம்பர் வெறும் தகரம், அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஆயில் கசியாமல் அடைப்பது கார்க் பேக்கிங். போல்ட்டோ பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடுகிற சின்ன போல்ட். அதற்குத் தோராயமாக 10 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது மணிக்கட்டு பலம். தோள் பலத்தைக் காட்டினால் துளையைச் சுற்றித் தகரம் குழிந்துவிடும், கார்க் பிதுங்கி வெளியே வரும், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் விளிம்பு தூக்கிக்கொள்ளும். ஆயில் அந்த இடைவெளியில்தான் வருகிறது. மேலும் இறுக்கினால் இடைவெளி இன்னும் பெரிதாகும்.

மூன்றாம் தடவை சேம்பரை இறக்கிப் புதுப் பேக்கிங் வைத்து, இரண்டு பக்கமும் அனபாண்ட் என்கிற கசிவடைக்கும் பசையை அள்ளிப் பூசி, ஒரு மணி நேரத்தில் ஆயில் ஊற்றி அனுப்பிவிட்டார்கள். அது ஒன்பது நாள் தாங்கியது. அதற்குப் பிறகு நானே படுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் இன்ஜின் அடிப்பக்கத்தை டீசலில் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவினேன். ஆயில் எங்கிருந்து கிளம்புகிறது என்று அது கோடு போட்டுக் காட்டிவிடும். டேப்பட் கவர், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் என்று மேலே எங்கே கசிந்தாலும் காற்றில் பின்னால் தள்ளப்பட்டுக் கடைசியில் சேம்பர் விளிம்பில்தான் சொட்டும். பழி சேம்பருக்கு வரும். மலை அடிவாரத்துக்கு முன்னால் சத்தியமங்கலம் வரை போய்ப் பார்த்தேன், பவுடர் வெள்ளையாகவே இருந்தது. திம்பம் ஏறியபின் பார்த்தால் பின்விளிம்பில் மட்டும் ஈரம். சமதளத்தில் ஆயில் விளிம்புக்குக் கீழே நிற்கும்; மலை ஏறும்போது மூக்கு தூக்குவதால் பின்பக்கம் போய்த் தேங்கி விளிம்பைத் தொடுகிறது. கிளட்ச் ஹவுசிங் அடித்துளை காய்ந்திருந்ததால் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் போகவில்லை என்று நிம்மதி. அது போயிருந்தால் கியர் பாக்ஸை இறக்க வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இன்ஜினைத் திரும்ப ஏற்றும்போது இன்ஜின் உள்காற்றை வெளியே விடுகிற பிரீதர் பைப் மடங்கிப்போயிருந்தது. புது பிஸ்டன் ரிங் பதியும் வரை கீழே கொஞ்சம் காற்று இறங்கத்தான் செய்யும். வெளியேற வழியில்லாத காற்று ஆயிலைத்தானே தள்ளும்?

சேம்பரைக் கழற்றியபோது வயிறு கலங்கிவிட்டது. பம்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டுகிற ஸ்டிரெயினர் வலையில் அனபாண்ட் துணுக்குகள், மண்புழு மாதிரி. அள்ளிப் பூசியதில் உள்பக்கம் பிதுங்கியது அறுந்து விழுந்திருக்கிறது. இன்னும் நாலு துணுக்கு சேர்ந்திருந்தால் ஆயில் பம்புக்கு ஆயில் போகாமல், புதுப் பேரிங் எல்லாம் போயிருக்கும். வாசலில் சொட்டுவது இதற்கு எவ்வளவோ மேல்.

சேம்பர் விளிம்பை ஒரு லேத் பட்டறையில் சமமான இரும்புப் பலகைமேல் வைத்து, குழிந்த துளைகளை உருண்டை சுத்தியால் மெல்லத் தட்டி நிமிர்த்தினோம். வண்டியிலேயே வைத்துச் செய்கிற வேலை என்பதால் மேலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க வடியவிட்டு, காலையில் பெட்ரோல் நனைத்த பழைய வேட்டித் துணி அழுக்காகாமல் வரும் வரை துடைத்தேன். புது கார்க் பேக்கிங்கைச் சேம்பர் பக்கம் மட்டும் மெல்லிய பூச்சில் ஒட்டினேன். மேல் பக்கம் பூச்சே இல்லை. டைமிங் கவர் சேரும் மூலைகளிலும் பின்பக்க பேரிங் கேப் மூலைகளிலும் மட்டும் பொட்டளவு அனபாண்ட். எல்லா போல்ட்டையும் விரலால் முடுக்கி, ஒரு மணி நேரம் கழித்து டார்க் ரெஞ்சில் நடுவிலிருந்து இரண்டு பக்கமுமாக இறுக்கினேன். ஆயில் ஊற்றியது 24 மணி நேரம் கழித்துத்தான். அந்த ஒரு நாளைக் காத்திருப்பதற்குத்தான் பட்டறையில் யாருக்கும் பொறுமை இல்லை. இரண்டு நடை போய் வந்ததும், சூட்டில் கார்க் அமர்ந்துவிடும் என்பதால், அதே அளவில் ஒரு தடவை சரிபார்த்தேன்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய 48 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆறு தடவை ஆயில் மாற்றியாயிற்று. நடுவில் ஒரு தடவை சொட்டியபோது பயந்தேன். பார்த்தால் டிரெயின் நட்டின் செம்பு வாஷர் தேய்ந்திருந்தது, சின்னச் செலவு. பதினாலாம் மாதம் பின்மூலையில் இரண்டு போல்ட் தளர்ந்திருந்தன. முடுக்கினேன், சரியாகிவிட்டது.

இப்போது அந்த மூலையில் தூசி ஒட்டுகிற அளவுக்கு ஈரம் இருக்கிறது, சொட்டு இல்லை. அடுத்து எப்போதாவது கிளட்ச் வேலைக்கு இறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். ஆத்தா மட்டும் இன்னும் வண்டி நிற்கிற இடத்தில் கோலம் போடுவதில்லை.