லாரிக்கு ஒரு பிராசஸ்: பதிவேட்டுக்கு குளோபலா, சின்னா, ஹோர்டா?

தண்டையார்பேட்டையில் எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்தான். நாங்கள் எழுதுவதும் அந்த லாரிகளுக்கான மென்பொருள்தான். எலிக்சர் என்ற நிரல்மொழியில், ஒரு லாரிக்கு ஒரு பிராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு சின்ன நிரல். எந்த யார்டில் கிளம்பியது, எந்த கேட்டுக்குப் போக வேண்டும், வரிசையில் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. மூன்று சர்வர்களில் இவை பரவிக் கிடக்கின்றன. லாரி எண்ணைக் கொடுத்தால் அதன் பிராசஸைக் காட்ட ஒரு பதிவேடு வேண்டும். எலிக்சரோடு வரும் ரெஜிஸ்ட்ரி ஒரு நோடுக்குள் (எங்கள் கணக்கில் ஒரு சர்வருக்குள்) மட்டும் வேலை செய்யும். அதனால் வேறு ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

முதலில் போட்டது குளோபல். எலிக்சருக்கு அடித்தளமான அர்லாங்கிலேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஒரு பெயரைப் பதிய எல்லா நோடுகளிலும் பூட்டுப் போடும். தேடும்போது தன்னிடம் உள்ள நகலையே பார்க்கும். ஆகவே தேடல் வேகம், பதிவு மந்தம். பத்து இருபது நிலையான பெயர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் காலையில் யார்டுகள் திறந்ததும் லாரிகள் மொத்தமாகப் பதியும்போது எங்களுக்கு மூச்சு முட்டியது.

அதையும் பொறுத்துக்கொண்டோம். ஒருநாள் சர்வர்களுக்கு இடையே இணைப்பு அறுந்தது. இரு பக்கமும் ‘அந்தப் பக்கம் செத்துவிட்டது’ என்று நினைத்து, ஒரே லாரிக்கு ஆளுக்கொரு பிராசஸைக் கிளப்பின. ஒரே கூடை மீனைக் காசிமேட்டில் இரண்டு பேர் ஏலம் விட்டது மாதிரி. எண்ணூர் விரைவுச்சாலையிலிருந்து ஒரு டிரைவர் அழைத்தார்: “சார், ரெண்டு மெசேஜ் வந்துகீது, எந்த கேட்டுக்குப் போறது?”

இணைப்பு திரும்பியதும் குளோபல் என்ன செய்யும்? இயல்பாக, இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் வைத்துக்கொண்டு மற்றதைக் கொன்றுவிடும். நாமே ஒரு ஃபங்ஷன் கொடுத்துத் தீர்ப்பு சொல்லலாம். ஆனால் அதன் கைக்கு வருவது பெயரும் இரண்டு பிராசஸ் அடையாளங்களும்தான். எது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அதற்குத் தெரியாது, அந்த பிராசஸ்களையே கேட்க வேண்டும்.

இங்கேதான் சின் (Syn) என்ற நூலகம் கணக்கை மாற்றுகிறது. ராபர்ட்டோ ஓஸ்டினெல்லி எழுதியது. பெயரோடு மெட்டாடேட்டாவையும், அதாவது கூடுதல் குறிப்புகளையும், சேர்த்துப் பதியலாம். தேடினால் இரண்டும் ஒன்றாக வரும். ஸ்கோப் என்று தனித்தனிப் பதிவேடுகளாகப் பிரித்தும் வைக்கலாம். கிளஸ்டர் (இணைந்த நோடுகளின் கூட்டம்) முழுக்கப் பூட்டு கிடையாது, அதற்குப் பதில் எல்லா நோடும் ஒரே கணத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லும் என்ற உறுதியும் கிடையாது. மோதல் வந்தால் கடைசியாகப் பதிந்ததை வைத்துக்கொள்ளும். அதை சர்வர் கடிகாரத்தை வைத்து முடிவு செய்வதால், கடிகாரங்கள் விலகினால் தீர்ப்பும் விலகும். மோதலின்போது சின் அழைக்கும் ஃபங்ஷனை, அதாவது கால்பேக்கை, நாமே எழுதினால் இரண்டின் மெட்டாடேட்டாவும் பதிந்த நேரமும் நம் கைக்கு வரும். எங்களுடையதில், கேட்டுக்கு அதிக நெருக்கத்தில் உள்ள பிராசஸ் ஜெயிக்கும்.

ஒரு எச்சரிக்கை. கால்பேக் எழுதிவிட்டால் தோற்ற பிராசஸை சின் கொல்லாது, அது நம் வேலை. ஆவணத்தில் தெளிவாகவே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. இரண்டு நாள் ஆவி பிராசஸ்கள் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தன.

ஹோர்ட், டெரெக் கிரான் எழுதிய எலிக்சர் நூலகம். ஒவ்வொரு நோடும் தன் மாற்றங்களை மட்டும் அனுப்பி, சிஆர்டிடி (எந்த வரிசையில் வந்தாலும் எல்லா நகலும் ஒரே முடிவுக்கு வரும் தரவு வடிவம்) முறையில் ஒன்றுசேர்க்கும். அந்த மாற்றம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு நோடும் ஒரே பெயருக்கு ‘ஆச்சு’ என்று சொல்லிவிடலாம், அப்புறம் ஒன்று வெளியேற்றப்படும். ஆனால் கூடவே வரும் சூப்பர்வைசர்தான் அதன் சொத்து. நோடு விழுந்தால் பிராசஸை வேறு நோடில் தானே கிளப்பும். சின்னில் அதை நாங்களே எழுதினோம். புதிதாக ஆரம்பிப்பவர் ஹோர்டை எடுத்தால் நான் தடுக்க மாட்டேன்.

மற்ற வழிகளும் உண்டு. 2020இல் அர்லாங்கின் ஓடிபி 23 பதிப்புடன் வந்த பிஜி (pg), ஒரு குழுவில் யார் யார் என்று மட்டும் சொல்லும். ஒரு பெயருக்கு ஒரே ஆள் என்று காவல் காக்காது. ஜிப்ராக் (gproc) என்ற பதிவேட்டு நூலகம் ஒற்றை நோடில் அருமை, எண்ணிகள்கூட உண்டு. கிளஸ்டர் முழுக்க வேண்டுமென்றால் நோடுகளில் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும் நூலகத்தை நம்ப வேண்டும், நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. எட்சிடி (etcd), ஜூகீப்பர் போன்ற தனி ஒருங்கிணைப்பு சேவைகள் பெரும்பான்மை நோடுகளின் ஒப்புதலோடு எழுதுவதால் உறுதியானவைதான். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து சாகும் பிராசஸ்களுக்காக இன்னொரு கிளஸ்டரைக் கட்டி மேய்க்க எங்களிடம் ஆளில்லை.

சரி, சின்னுக்கு மாறினால் குளோபலின் தொல்லை ஒழிந்ததா? முழுதாக இல்லை. ஓடிபி 25 முதல், சில நோடுகளுக்கிடையே மட்டும் இணைப்பு போனால் குளோபல் வேறு சில இணைப்புகளையும் தானே அறுக்கும். அரைகுறைப் பிளவு வேண்டாம் என்ற எண்ணம். நம் பெயர்கள் அதில் பதியாவிட்டாலும் அது பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம் மூன்று சர்வர்களில் ஒரு கம்பி போனால் இரண்டு கம்பி போனதாக லாகில் தெரிவது அதனால்தான். கெர்னல் அமைப்பில் அணைக்கலாம். நாங்கள் இன்னும் அணைக்கவில்லை.