மணல் பக்கிக்குக் காயில்ஓவர்: ஷாக் நன்று, உடன் வந்த ஸ்பிரிங் தவறு

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினைப் பின்புறம் சுமந்து ஓடும் எங்கள் இருவர் இருக்கை பக்கியின் (மணலில் ஓட்டும் திறந்த இலகு வண்டி) பின்சக்கரங்களுக்கு, 12 அங்குல ஓட்டமுள்ள, அதாவது அவ்வளவு அமுங்கக்கூடிய, இரட்டை ஸ்பிரிங் காயில்ஓவர்களை (ஷாக் எனும் அதிர்வுதாங்கியைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்தவை) பொருத்தி, கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் ஒரு குளிர்காலம் முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஷாக்கின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் கசியவில்லை, தண்டில் கீறல் விழவில்லை, நைட்ரஜன் அழுத்தமும் 200 பி.எஸ்.ஐ.யிலிருந்து இறங்கவில்லை. குறையெல்லாம் ஸ்பிரிங் தேர்வில்தான். வண்டியின் எடையைக் கேட்டுக் குறித்துக்கொண்ட விற்பனையாளர், ஓர் அங்குலம் அமுங்க மேலே 300 பவுண்டும் கீழே 400 பவுண்டும் கேட்கும் ஸ்பிரிங்குகளை அனுப்பிவைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து ஓர் அங்குலம் அமுங்க 171 பவுண்டு போதும் என்றாலும், எங்கள் வண்டிக்கு அதுவே மிகை. ஆட்கள் ஏறியபின் ஒரு பின்சக்கரம் தாங்குவது 420 பவுண்டு. சக்கரம் 10 அங்குலம் ஏறினால் ஷாக் 7 அங்குலமே அமுங்கும் அமைப்பு என்பதால், ஷாக்கின் மீது அது 600 பவுண்டாகிறது. பொருத்தும்போதே ஸ்பிரிங்கை அமுக்கிவைத்த ஓர் அங்குல முன்னிறுக்கம் போக, வண்டி அமர்ந்ததோ இரண்டரை அங்குலம்தான். பின்பக்கத்தைத் தூக்கிய வெட்டுக்கிளிபோல் நின்றது. அச்சுத்தண்டுகள் எப்போதும் சாய்ந்தே சுழன்றதால், மூன்றாம் பயணத்திலேயே ஒரு சிவி மூட்டின் (சாய்ந்த நிலையிலும் அச்சுத்தண்டைச் சுழலவிடும் இணைப்பு) ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் மணலோடு குழைந்து கிடந்தது.

தொலைபேசியில் கேட்டபோது, ஸ்பிரிங்கை மேலிருந்து இறுக்கும் மரை வளையத்தைத் தளர்த்தினால் மென்மையாகிவிடும் என்றார்கள். வளையத்தைத் திருகினால் வண்டியின் உயரம் மாறுமே தவிர, ஸ்பிரிங்கின் வலு மாறாது. இதை விற்பவரே அறியாதிருப்பதுதான் வேடிக்கை.

பிறகு 200, 300 பவுண்டு ஸ்பிரிங்குகளை எங்கள் செலவில் வாங்கினோம். சேர்ந்த வலு 120 ஆனதும், அதே முன்னிறுக்கத்தில் வண்டி 4 அங்குலம், அதாவது ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அமர்ந்தது. இரு ஸ்பிரிங்குகளுக்கு இடையிலுள்ள நழுவு வளையத்தைத் தடுக்கும் நிறுத்து வளையத்தை, வண்டி நிற்கும்போது நழுவு வளையம் இருக்கும் இடத்திலிருந்து 2.4 அங்குலம் மேலே வைத்தோம். ஷாக் மேலும் 4 அங்குலம் அமுங்கியதும் மேல் ஸ்பிரிங் பூட்டப்பட்டு, எஞ்சிய 4 அங்குலத்தை 300 பவுண்டு ஸ்பிரிங் தனியாகத் தாங்குகிறது. மேட்டிலிருந்து குதிக்கையில் அடி தட்டும் ஓசை அன்றோடு நின்றது.

வளையங்களைத் திருகுமுன் மரைகளைத் தண்ணீர்விட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பது கட்டாயம். அவசரத்தில் ஒருமுறை அப்படியே சாவியைப் போட்டேன். நறநறவென்ற ஓசையோடு அலுமினிய மரை கடித்துக்கொண்டது.

இன்னும் தீராதது மீள்வேகம், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகம். நெருக்கமான தொடர்மேடுகளில் சக்கரம் முழுதாக இறங்குமுன் அடுத்த மேடு வந்துவிட, பின்பக்கம் படிப்படியாகத் தாழ்கிறது. மீளும்போது எண்ணெய் ஓட்டத்தைத் தடுக்கும் ஷிம் எனும் மெல்லிய தட்டுகளில் ஒன்றைக் குறைக்க, ஷாக்குகளை இந்த வாரம் கழற்றுகிறோம்.