சதையி அழற்சி: அமைலேஸா, லைப்பேஸா, சீ.ஆர்.பீ.யா?

மேல்வயிற்றில் திடீரென்று பிடித்து முதுகுக்கு ஓடும் வலி, கூடவே நிற்காத வாந்தி. இப்படி ஒருவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், சதையியில் (கணையத்தில்) திடீர் அழற்சியோ என்று பார்க்க இரத்தம் எடுப்பார்கள். மறுமொழி வந்ததும் வீட்டார் எண்ணைத்தான் கேட்பார்கள். ஆனால் அந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைச் சொல்ல ஆளில்லாமல் போய்விடுகிறது.

முதல் கேள்வி, இது சதையி அழற்சிதானா என்பது. 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா என்ற சர்வதேச வரையறைப்படி மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும்: அதற்கே உரிய வலி, அமைலேஸ் அல்லது லைப்பேஸ் (சதையி சுரக்கும் செரிமான நொதியங்கள்) இயல்பின் மேல் எல்லையைப்போல் மூன்று மடங்காவது இருப்பது, ஸ்கானில் தெரியும் மாற்றம். மடங்கு என்பதைக் கவனியுங்கள். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லை வேறுபடும். மேல் எல்லை 100 என்று அச்சிட்ட தாளில் 300 பெரிய சேதி. எல்லை 200 என்றால் அதே 300 சந்தேகம் மட்டுமே.

அமைலேஸா லைப்பேஸா என்றால், என் தெரிவு லைப்பேஸ். அமைலேஸ் சில மணித்தியாலங்களில் ஏறி, மூன்று முதல் ஐந்து நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும். லைப்பேஸ் 4 முதல் 8 மணித்தியாலத்தில் ஏறி, ஒரு நாளில் உச்சம் தொட்டு, ஒன்று இரண்டு கிழமைக்கு நிற்கும். நெடுந்தீவில் ஒருவர் வலியை இரண்டு மூன்று நாள் பொறுத்துவிட்டு, படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறார் என்று வையுங்கள். அவருடைய அமைலேஸ் அதற்குள் இறங்கியிருக்கலாம். லைப்பேஸ் காட்டிக் கொடுக்கும். அமைலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வருவதால் கூவைக்கட்டு வந்த பிள்ளைக்கும் கூடும். நெடுங்காலம் குடிக்கிறவருக்கோ, வருத்தம் இருந்தும் ஏறாமல் விடலாம். லைப்பேஸும் குற்றமற்றதல்ல, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரண்டுமே கூடியிருக்கும். ஆனாலும் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் லைப்பேஸைச் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வதால் பெரிய இலாபமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சில வருத்தக்காரரின் இரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் குழாயின் மேற்பகுதியில் தெளிந்த மஞ்சள் நீருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் போல் வெள்ளையாக நிற்கும். ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு மிகையாகக் கூடியவர்கள் அவர்கள். அந்தக் கொழுப்பு குறுக்கே நின்று அமைலேஸைப் பொய்யாகச் சாதாரணமாகக் காட்டும். ஐதாக்கி மறுபடி பார்த்தால்தான் உண்மை வெளிவரும்.

சரி, வருத்தம் எவ்வளவு கடுமை? இங்கேதான் வீட்டார் ஏமாறுகிறார்கள். அமைலேஸ் 1200 என்றால் ஆபத்து, 400க்கு இறங்கினால் சுகம் என்று நம்புகிறார்கள். அந்த எண்ணின் உயரத்துக்கும் கடுமைக்கும் தொடர்பில்லை. குறைந்த எண்ணோடு வந்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும் உண்டு. நோய் உறுதியான பிறகு அதைத் தினமும் எடுப்பது வீண்செலவு.

கடுமைக்குப் பலரும் கேட்பது சீ.ஆர்.பீ., அழற்சி வந்தால் இரத்தத்தில் கூடும் ஒரு புரதம். 48 மணித்தியாலத்தில் லீற்றருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் ஈரல் அதைச் செய்து வெளிவிட நேரம் எடுக்கும். வந்த அன்றே எடுத்த சீ.ஆர்.பீ. குறைவு என்று நிம்மதியடைவது பிழை. வேறு தொற்றிருந்தாலும் அது கூடும்.

முதல் நாளிலேயே பேசுவது விலை குறைந்த இரண்டு: யூரியாவும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பி.சி.வி.யும் (இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் வீதம்). டெங்குக் காலத்தில் பி.சி.வி.யைப் பற்றிப் பேசாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. இங்கும் அதே கதைதான்: நீர் குழாய்களை விட்டுக் கசிய, இரத்தம் தடிக்கிறது. 44 வீதத்துக்கு மேல் போய், சேலைன் ஏற்றியும் இறங்காவிட்டால் நல்லதல்ல. யூரியாவும் அப்படியே, முதல் 24 மணித்தியாலத்தில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரு தனி எண்ணைவிடக் கூடுதலாகச் சொல்லும். பளபளப்பான புதுப் பரிசோதனைகளைத் தேடி வெளி ஆய்வுகூடங்களுக்கு ஓடுகிறவர்கள் இந்த இரண்டையும் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே மனவருத்தம். புரோகல்சிடோனின் என்ற இரத்தப் பரிசோதனை பிற்பாடு, அழிந்த சதையியில் கிருமி தொற்றியிருக்கிறதா என்ற சந்தேகம் வரும்போது உதவும். முதல் நாளே அதற்குக் காசு கொட்டத் தேவையில்லை.

கடைசியாக, ஏன் வந்தது? ஏ.எல்.ரீ. என்ற ஈரல் நொதியம் 150க்கு மேல் என்றால் பித்தக்கல்லைப் பெரிதும் சந்தேகிக்கலாம், வயிற்று ஸ்கானும் வேண்டும். ஏ.எல்.ரீ. சாதாரணம் என்பதற்காகக் கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ட்ரைகிளிசரைட் டெசிலீற்றருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் அதுவே காரணமாக இருக்கலாம்; கட்டுப்படாத சலரோகம் உள்ளவர்களிடம் இதை மறக்கக்கூடாது. சாப்பாட்டை நிறுத்தியதும் அது விறுவிறென்று இறங்கும். ஆகவே முதல் ஊசியில் எடுத்த இரத்தத்திலேயே அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும்; இரண்டு நாள் கழித்து எடுத்தால் காரணம் கைநழுவிவிடும்.