வேலை போனால் எந்தக் காசு: சொக்சோ உதவித்தொகையா, சேமநிதியா?

கோவிட் காலத்தில் மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணி தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்தபோது, பீடோங் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போய்வந்த எங்களுக்கு இரண்டு வழி இருந்தது: சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டம் தரும் மாத உதவித்தொகை, அல்லது ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் சொந்தச் சேமநிதி. நான் உதவித்தொகை வாங்கினேன். மச்சான் சேமநிதியிலிருந்து எடுத்தார். மந்தநிலையில் அரசாங்கம் நீட்டிக்க வேண்டியது உதவித்தொகையைத்தான் என்பது என் கட்சி.

சேமநிதியில் பணம் சீக்கிரம் கிடைக்கும், தொகையும் பெரிது. கோவிட் காலத்தில் சேமநிதியிலிருந்து எடுக்க விட்ட ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, 2022-இன் சிறப்பு மீட்பு ஆகிய திட்டங்களில் சுமார் 145 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) வெளியே வந்தது. எல்லாம் தொழிலாளியின் முதுமைக் காசு. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உதவித்தொகை அப்படியல்ல. முதலாளி 0.2, தொழிலாளி 0.2 விழுக்காடு என்று நல்ல காலத்தில் சேர்த்த பொதுநிதி அது. வழக்கமான கணக்கில் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30. 2,000 வெள்ளி சம்பளக்காரருக்கு ஆறு மாதத்தில் சுமார் 5,400 வெள்ளி. 2021 பட்ஜெட்டில் இதை ஒன்பது மாதம் வரை நீட்டித்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: அந்தக் காசு எங்கே போய்ச் சேருகிறது? எங்கள் மளிகைக் கடைக்காரர் கடன் கணக்கை 555 புத்தகத்தில் எழுதுவார். உதவித்தொகை வந்ததும் பழைய பாக்கியில் பாதியைக் கொடுப்போம், அவர் பேனாவால் அடித்துவிட்டு, அரிசியும் பால்மாவும் புதுக் கணக்கில் எழுதுவார். அந்தப் பாதி வந்தால்தான் அவரும் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்க முடியும். மாதாமாதம் வருவதால் கடையும் மாதாமாதம் ஓடும். மச்சானோ மொத்தமாக எடுத்ததில் கார் தவணை பாக்கியை அடைத்தார். நியாயமான செலவுதான், ஆனால் அந்தக் காசு ஊரில் சுற்றவில்லை, நேராக பேங்குக்குப் போய்விட்டது. இது ஓர் ஊரில் பார்த்தது, எல்லா ஊருக்கும் இதே கணக்கு என்று சொல்லமாட்டேன்.

அமெரிக்காவில் 2008 மந்தநிலையின்போது பொருளாதார நிபுணர் மார்க் சாண்டி போட்ட மதிப்பீடும் இந்தப் பக்கம்தான் பேசுகிறது: வேலையிழந்தோர் உதவியை நீட்டிக்கச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் பொருளாதாரத்தில் 1.64 டாலராகும் என்றார். அங்கே சில மாநிலங்களில் 99 வாரம் வரை நீட்டித்தார்கள்.

சும்மா காசு வந்தால் வேலை தேடமாட்டார்கள் என்பார்கள். 30 விழுக்காட்டில் யார் சும்மா உட்கார முடியும்? சீக்கிரம் வேலை கிடைத்தால் மீதித் தொகையில் 25 விழுக்காடு கையில் தருவதும் இதே திட்டம்தான்.

குறை ஒன்று பெரியது. ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வருபவருக்கும், ரோட்டோரம் கடை போட்டவருக்கும் இந்தத் திட்டத்தில் இடமில்லை. அவர்களிடம் சேமநிதியைத் தொடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2024 மே முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சேமநிதியில் மூன்றாவது கணக்கும் வந்துவிட்டதால், அடுத்த மந்தநிலையில் எல்லாருடைய கையும் முதலில் அங்கேதான் போகும். சொக்சோவில் பதிந்தவர்களாவது வேலை போன 60 நாளுக்குள் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.