ஒரே கார், இரண்டு எஞ்சின்: டீசலா, பெட்ரோலா?

டீசல் கார் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலோர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அதில் கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் நான் கணக்கைத் தொடங்குவது.

இரண்டையும் எடைபோட ஒரே காரை எடுத்துக்கொள்வது நியாயம். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா அதற்குத் தோதானது. சாதாரண பெட்ரோல் எஞ்சின் 1,497 சிசி, டீசல் 1,493 சிசி. குதிரைத்திறன் 115, 116. இதுவரை இரட்டைப் பிள்ளைகள்தாம். டார்க் எனப்படும் இழுவையில்தான் இரண்டும் பிரிகின்றன. பெட்ரோலில் 144 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றைத் தொட்ட பிறகு. டீசலில் 250, அதுவும் 1,500 சுற்றிலேயே.

இந்த எண்களின் பொருள் கொல்லிமலைக்குப் போனால் விளங்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேரும் மூட்டைகளுமாக ஏறும்போது, பெட்ரோல் வண்டி ஒவ்வொரு வளைவிலும் முதல் கியரைக் கேட்கும், எஞ்சின் அலறும், யாராவது ஏசியை நிறுத்தச் சொல்வார்கள். டீசல் வண்டி இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு ஏறிவிடும். இந்தப் பெருமையில் பெரும்பங்கு, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு உரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே கிரெட்டாவின் டர்போ பெட்ரோல் எஞ்சின் 253 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆனால் அதை அழுத்தி ஓட்டினால் பெட்ரோல் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மைலேஜில் டீசல் முந்துவதற்குக் காரணங்கள் உண்டு. அது தீப்பொறியை நம்பாமல் காற்றை இறுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. இறுக்கம் கூடக்கூட, எரிபொருளின் ஆற்றல் வீணாவது குறையும். போதாததற்கு, ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றலே பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். கியரை நாமே மாற்றும் கிரெட்டாவுக்குச் சோதனைக்கூடம் தந்த மைலேஜ் பெட்ரோலில் 17.4, டீசலில் 21.8. நம் சாலைகளில் 13, 17 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். 2024 மார்ச்சில் விலை குறைந்த பிறகு சென்னையில் பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 101 ரூபாய், டீசல் 92. அந்த விலையில் ஒரு கிலோமீட்டருக்கு டீசல் மிச்சப்படுத்துவது இரண்டேகால் ரூபாய்க்குச் சற்று மேல். டீசல் கார் ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால், அந்தத் தொகை திரும்பி வர 64,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 2,000 ஓட்டுபவர் மூன்று வருடத்துக்குள் எடுத்துவிடுவார். 800 ஓட்டுபவருக்கு ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கு ஒத்துவராமல்தான் மாருதி 2020 ஏப்ரலில், புகை மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்ததும், டீசலையே கைவிட்டது. சின்னக் காரில் அந்தக் கூடுதல் விலையை யார் கொடுப்பார்கள்?

புகை விஷயத்தில் டீசலுக்காக வாதாட எனக்கு மனமில்லை. அதன் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. டெல்லியில் டீசல் காருக்குப் பத்து ஆண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று கெடு வைத்ததும் புகையால்தான்.

புதிய டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும், நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடினால்தான் அது எளிதில் கிடைக்கும். வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு கிலோமீட்டர் என்றால் கரி சேர்ந்துகொண்டே போகும்.

என் சகலை மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். வேறொரு நிறுவனத்தின் டீசல் காரை மைலேஜுக்காக வாங்கினார். எட்டாவது மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "வண்டியில் ஒன்றும் குறையில்லை சார். வாரம் ஒருமுறை செங்கல்பட்டு தாண்டிப் போய் வாருங்கள்" என்றார். இப்போது சகலை ஞாயிறுதோறும் விடியற்காலையில் மதுராந்தகம் வரை ஓட்டிப்போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புகிறார். அந்த டீசலை மைலேஜ் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறார்.