அல்ட்ராசவுண்டா, எம்ஆர்ஐயா?

ஆபரேஷனுக்கு முன்பே கீமோ தொடங்கிய தர்மபுரி அக்கா ஒருவர் கேட்டார்: மார்புக் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்க எந்த ஸ்கேன்?

செலவு: அல்ட்ராசவுண்ட் குறைவு, எம்ஆர்ஐ பல மடங்கு.

கதிர்வீச்சு: இரண்டிலும் இல்லை.

சிரமம்: முன்னது சீக்கிரம் முடியும். பின்னதில் அரை மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டும், சத்தம் வேறு! படம் தெளிவாகத் தெரிய காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுவதால் சிறுநீரகத்தையும் கவனிப்பார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

துல்லியம்: இங்கேதான் எம்ஆர்ஐ முந்துகிறது. மிச்சமிருப்பது தழும்பா, கட்டியா என்பதை ரத்த ஓட்டத்தை வைத்துப் பிரித்துக் காட்டும். அதுவும் சில நேரம் ஏமாற்றும்.

நடுநடுவே பார்க்கவும் அக்குள் நெறிகட்டிக்கும் அல்ட்ராசவுண்ட் சரி. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கலாமா என்று முடிவெடுக்க, சேலம் போயாவது எம்ஆர்ஐ எடுக்கலாம். அப்புறம், கட்டிக்குள் கிளிப் (இடத்தை அடையாளம் காட்டும் சின்ன உலோகத் துண்டு) வைத்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது இல்லாமல் கட்டி முழுசாகக் கரைந்தால் இடம் தெரியாது.