வேதாரண்யம் கரையில் ஓர் இணையச் சாதன அறை: கன்டெய்னரா, இரும்புப் பெட்டியா, செங்கல்லா?

சில நூறு வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புத் தருபவர், ஓஎல்டி (ஃபைபர் வழியே வீடுகளுக்கு இணையத்தைப் பிரித்தனுப்பும் மையக் கருவி), ரவுட்டர், பேட்டரி ஆகியவற்றுக்கு இடம் அமைக்கத் தொடங்கியதும் ஏசி விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார். சாதனங்கள் எல்லாம் சேர்ந்து 400 வாட் இழுப்பதாகக் கொண்டால், அவை வெளியிடும் வெப்பம் மணிக்கு ஏறத்தாழ 1,365 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு). ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியதோ 12,000 பிடியூ. ஏசிக்கு மிச்ச வேலையை வைப்பது கூரையிலும் மேற்குச் சுவரிலும் இறங்கும் வெயில். அந்த வெயிலை எது எவ்வளவு தடுக்கிறது, மின்சாரம் போனபின் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதை வைத்தே மூன்றையும் எடைபோட வேண்டும்.

பழைய 20 அடி கன்டெய்னர் வாங்கும்போது மலிவாகத் தெரியும். காலியாகவே இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அதை இறக்கக் கிரேன் வேண்டும்; கிரேன் நுழையும் அகலம் பல கிராமச் சந்துகளில் இல்லை. சாதனங்களை அடுக்கும் ஒரே ஒரு ரேக்குக்கு அவ்வளவு நீளமும் வீண். அதன் கூரை சுமார் இரண்டு மில்லிமீட்டர் தகடு என்பதால், உள்ளே பஃப் பலகை (வெப்பம் தடுக்கும் நுரைப் பலகை) அடிக்காவிட்டால் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். ஏசிக்காகத் தகட்டை வெட்டிய விளிம்பில் உப்புக்காற்று பட்டுப் பெயின்ட் அப்பளம்போல உப்புவதையும், நகத்தால் சுரண்டினால் துரு பொடியாகக் கொட்டுவதையும் பார்த்தவர்கள் இதை இரண்டாம் முறை வாங்க யோசிப்பார்கள்.

வெளிப்புற இரும்புப் பெட்டி இடத்தை அடைக்காது, ஒரே நாளில் நிறுத்திவிடலாம். ஆனால் விலை குறைந்த வகை, மின்விசிறியால் வெளிக்காற்றை இழுத்துக் குளிர்விப்பது. உப்பளம் சூழ்ந்த ஊரில் அது உப்பையும் சேர்த்து இழுத்துச் சர்க்யூட் பலகையில் படியவிடும். மேலும், இவ்வகைப் பெட்டியின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சூடாகவே இருக்கும் என்பதால், பேட்டரிதான் முதலில் அடிவாங்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. ஐந்தாண்டு வர வேண்டியது 35 டிகிரியில் இரண்டரை ஆண்டில் மாற்றும் நிலைக்கு வந்துவிடும். பெட்டியில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

எட்டுக்குப் பத்தடிச் செங்கல் அறைக்குச் செலவும் நாளும் கூடுதல். ஆயினும் மின்சாரம் போனால், 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிவரை மட்டுமே இறக்கினால் 400 வாட்டுக்கு ஆறு மணி நேரம் கிடைக்கும்; அந்த ஆறு மணி நேரமும் ஏசி ஓடாது. அப்போது ஒன்பது அங்குலச் சுவர் மெல்லச் சூடேறும், தகடு உடனே சூடேறும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையைக் கடந்தபின் டெல்டாவின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனதை நினைத்தால், வெளிச்சுவரில் ஜெனரேட்டர் இணைப்புக்கு ஒரு பிளக் வைப்பது ஆடம்பரமாகத் தோன்றாது. கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை இரவில் இறக்கும் என்பது உண்மைதான். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்தால் அது வெகுவாகக் குறையும். கலவைக்கு உப்புத் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்பதில் மட்டும் கொத்தனாரிடம் கண்டிப்பாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்வது அதனால்தான். கேபிள் நுழையும் குழாய் வாயையும் அடைத்துவிட வேண்டும், பல்லியும் எறும்பும் வரும் வழி அதுவே.

சொந்த மனையானால் என் தேர்வு செங்கல் அறை. வாடகை நிலமானால், விட்டுவிட்டுப் போக வேண்டிய சுவரில் பணத்தைக் கொட்டுவதைவிட, காற்றை உள்ளே இழுக்காத மூடிய வகைப் பெட்டியை வாங்கி, மேலே தனியாக ஒரு நிழற்கூரை போட்டு நிறுத்துவது நல்லது. எதுவானாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அதற்கு மேல் இரண்டடி உயரத்தில் பேஸ்மென்ட்டை முடிக்க வேண்டும்.